கொக்கு மார்க்

முன்பணம் பாதி என்றாள் ரோஸ்லின்.
மூன்று திருத்தம் கணக்குக்குள்.
நான்காவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஐநூறு.
தக்கலையிலிருந்து பேசுகிறவளுக்குப் பின்னால்
குக்கர் கூவியது.
இரண்டு விசில் யோசித்து
சரி என்றேன்.

முகம் பார்க்காத ஒருத்திக்கு ஆறாயிரம்.
கழனிவாசல் கொட்டகையில்
மூடி திருகிக்கொண்டே பஞ்சவர்ணம் கேட்டாள்:
"நம்ம தினகரன் சும்மா போட்டுத் தந்தானே?"

தந்தான்.
கொழுந்தன் மகன், காலேஜ் லேப்டாப்,
ஒரு பிரியாணிக்குச் செய்த வேலை.
எட்டு வருஷம் அந்த லேபிள்தான்.
போன மாசம் நர்சிங் ஹோம் டாக்டரம்மா
பாட்டிலைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்,
"இது பூநாரை ஆயிற்றே."
அந்த இளஞ்சிவப்பை நான்
மெஷின் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

முதல் படம் வந்தது.
ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், கொத்துவேலை நிலை,
நிலைக்குள் கொக்கு
பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்பதுபோல.
"செட்டிநாடு என்றீர்களே அக்கா."

ரோஸ்லின், நான் விற்பது பினாயில்.
பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பிடம்,
மீன் மார்க்கெட்,
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைகிற இடம்,
இங்கெல்லாம் போகிறது.
தூண் வைத்த வீட்டுக்கும் போகிறது,
பின்கட்டு வழியாக.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள், "அப்படியானால் ஏன் கொக்கு?"

இதை யாரும் கேட்டதில்லை.
பாங்கில் கேட்டது ஜாமீன்.
மாமனார் அம்மன் பேரை வைக்கச் சொல்லிவிட்டு
பாட்டில் போகிற இடம் நினைவு வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
நான் சொன்னேன்:
ஒரு மூடி ஊற்றினால்
வாளித் தண்ணீர் பாலாய் வெளுக்கும்.
அப்புறம்,
கண்மாய்ச் சேற்றில் முழங்கால் புதைய நின்று
வெள்ளையாகவே எழுந்து போகிற ஜீவன்
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.
சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.
அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்.

இரண்டாவது படத்தில் ஒரு கழுத்து மட்டும்,
ஈரக் கையால் இழுத்த ஒரே வளைவு.
எனக்குப் பிடித்தது.
பஞ்சவர்ணம், "கேள்விக்குறி" என்றாள்.
அதற்குப் பிறகு எனக்கும் கேள்விக்குறிதான்.

மூன்றாவதில் கால் வந்துவிட்டது,
காலடியில் ஒரு கோடு தண்ணீரும்.
பெயர்தான் உடைந்திருந்தது:
ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
துணைக்கால் தனியே தள்ளி.
"சாஃப்ட்வேருக்குத் தமிழ் வராது அக்கா, இருங்கள்."
கொக்கு ஒற்றைக் காலில் நிற்கட்டும் ரோஸ்லின்,
எழுத்துக்குத் துணைக்கால் வேண்டும்.
சிரித்தாள். சரிசெய்தாள்.
மூன்றும் முடிந்தது.

சிவகாசிக்கு அனுப்பும் முன்
ஒரு தாளை பாட்டிலில் ஒட்டி
பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன்.
அந்தோணியம்மாள் படிக்கமாட்டாள்.
கையைப் புடவையில் துடைத்து
வாங்கிப் பார்த்தாள், வெளிச்சத்தில் ஆட்டினாள்.
"அழகாத்தான் இருக்கு. மோர் பாட்டிலாட்டம்."
கொஞ்சம் கழித்து,
"லீவுக்கு எம்மவளும் எங்கூட வருவா" என்றாள்,
வேறு ஏதோ பேசுவதுபோல.

அன்று இரவு மீதிப் பணத்தோடு
ஐநூறு சேர்த்து அனுப்பினேன்.
"இதற்குக் காசு வேண்டாம் அக்கா,
நான்தான் யோசித்திருக்க வேண்டும்."
வைத்துக்கொள்.
நான் யாருக்கும் மூடிகூட ஓசியில் தருவதில்லை.

இப்போது கழுத்தைச் சுற்றி கறுப்புப் பட்டை,
அதில் பெருக்கல் குறி போட்ட ஒரு வாய்.
கொக்கு கீழே இறங்கி
கொஞ்சம் சின்னதாகிவிட்டது.
பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

ஐயாயிரம் லேபிள் வந்த அன்று
தக்கலையிலிருந்து ஒரு செய்தி:
எங்கள் வீட்டுக்கு இரண்டு லிட்டர்.
அனுப்பினேன்,
பில் போட்டு.
கூரியர் தனி.